மேல் தட்டையான மூன்று

ஒரு காரைத் தன் கையால் அங்குலம் அங்குலமாகச் செய்தவன் அந்தக் காரை வைத்தே மோசடி செய்தான் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? அவசரப்பட்டு இல்லை என்று தலையாட்டாதீர்கள். உங்களைப் போலப் படித்தவர்கள், காலையில் பேப்பர் பார்த்து நாட்டு நடப்பைத் திட்டுகிறவர்கள், பதினான்கு மாதமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் நம்பவில்லை. ஆனால் நம்பாததை வெளியே சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

திங்கட்கிழமைதோறும் காலை பத்தரை மணிக்கு, கடலோரச் சாலையில் இருக்கும் ஒரு காவல் நிலையத்துக்குச் சாலமோன் வருகிறார். ஊர் கருங்குழி. அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு இன்னொரு பஸ். வயது ஐம்பத்து நான்கு. ஜாமீன் நிபந்தனைப்படி நோட்டில் கையெழுத்துப் போடுவார். திரும்பும்போது நிலையத்தின் பக்கவாட்டைப் பார்க்காமல் நடப்பார். அங்கே பிடிபட்ட மணல் லாரிகளுக்கும் விபத்தில் நசுங்கிய ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் இரண்டு கதவு வைத்த கரும்பச்சைக் கார் ஒன்று நிற்கிறது. கூரை சரிந்து இறங்கி வால் வரை ஒரே வளைவாக ஓடும். அப்படி ஒரு கார் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டதில்லை. சாலமோன் செய்தது அது. அதற்காகத்தான் இந்தக் கையெழுத்து.

சாலமோன் டிங்கர். நசுங்கிய காரின் உடம்பைத் தட்டி நிமிர்த்துவதும், துருவேறிய இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதும் அவர் வேலை. அப்பாவும் தாத்தாவும் மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் சேறு மிதித்தவர்கள். ஒரு காணி நிலம் அவர்கள் பெயரில் எழுதப்பட்டதில்லை. சாலமோன் பதினைந்து வயதில் ஜி.எஸ்.டி. சாலையோரம் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில் சேர்ந்தார். முப்பது வயதில் கருங்குழியிலேயே தனக்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டார். மண்ணைத் தராத ஊர் இரும்பைத் தடுக்கவில்லை. அவ்வளவுதான் அந்த ஊரின் பெருந்தன்மை.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பள்ளத்தில் பட்டி என்ற பசையை அப்பி, தேய்த்து, பெயிண்டால் மூடுவது மற்றவர்கள் வழி. சாலமோன் அதைச் செய்யமாட்டார். பட்டி பூசுகிறவன் டிங்கர் இல்லை, கொத்தனார் என்பார். தகட்டைத் தட்டி முடித்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பார். அந்த ஈரத்தில் மேலே தொங்கும் டியூப்லைட் தெரியும். வெளிச்சக் கோடு நெளியாமல் நேராக ஓடினால் வேலை முடிந்தது. எங்காவது நெளிந்தால் மறுபடியும் சுத்தியல். மனைவி சந்திரம்மா இதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கல்யாணத்தன்றே தன் முகத்தையும் இந்த மனுஷன் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்திருப்பார், சுற்றி ஆள் இருந்ததால் விட்டார் என்று.

பார்த்தசாரதி அவரைத் தேடி வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த விடுதி ஒன்றுக்குச் சொந்தக்காரர். பழைய கார்கள் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. தென்னந்தோப்பில் ஐந்து கார்கள் செத்துக் கிடந்தன. அறுபத்தொன்றாம் வருடத்து அம்பாசடர் ஒன்று, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று, மோரிஸ் மைனர், பியட், பின்பக்கம் மட்டும் மிச்சமிருந்த பிளைமவுத். பார்த்தசாரதி செல்போனில் ஒரு வெளிநாட்டுக் காரின் படத்தைக் காட்டி, இந்த ஐந்திலிருந்து இது மாதிரி ஒன்று வேண்டும் என்றார். முடியுமா என்று கேட்கவில்லை. சாலமோனும் முடியாது என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் அவர் எதையும் தொடவில்லை. தோப்பில் உட்கார்ந்து ஐந்தையும் பார்த்தார். பிறகு கொட்டகைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் ஒரு காரை வரைந்தார். கீழ்ப்பாகமும் எஞ்சினும் அம்பாசடருடையவை. நீளக் கதவுகள் ஹெரால்டுடையவை. முகம் பியட், கூரை மோரிஸ், வால் பிளைமவுத். எதுவும் எதோடும் பொருந்தாது. மோரிஸின் கூரை அம்பாசடரின் அகலத்துக்கு நாலு அங்குலம் பற்றாது. சாலமோன் அந்தக் கூரையை நடுவில் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நாலு அங்குலத் தகட்டை இடையில் கொடுத்தார். மெல்லிய தகட்டில் தொடர்ந்து நெருப்பு காட்டினால் அப்பளம் போல் நெளியும். அதனால் கட்டைவிரல் நீளம் பற்றவைப்பார், ஈரக் கோணி போடுவார், தள்ளிப் போய் வேறிடத்தில் கட்டைவிரல் நீளம். கூரைக்கு மட்டும் நாற்பது நாள். முழுக் காருக்கு ஒன்றரை வருடம்.

பார்த்தசாரதி மாதம் ஒரு முறை வருவார். இப்படி ஐந்தைச் சேர்த்து ஒன்று செய்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டாமா என்று சாலமோன் ஒரு தடவை கேட்டார்.

"பேப்பர் என் வேலை, தகடு உன் வேலை" என்றார் பார்த்தசாரதி.

அந்த வாக்கியத்தைக் கேட்டவர் இன்னொருவரும் உண்டு. பார்த்தசாரதியின் டிரைவர் மணி. அவரைப் பிறகு பார்ப்போம்.

எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் இருக்கும். அந்த அம்பாசடரில் சேசிஸ் நம்பர் அந்தச் சுவரில்தான் அடிக்கப்பட்டிருந்தது. ஐந்து, மூன்று, மூன்று, நான்கு, இரண்டு. சுவர் முழுக்கத் துரு. நம்பர் இருந்த இடத்தில் விரலால் அழுத்தினால் பொடி உதிர்ந்தது. நெருப்பு காட்டினால் தாங்காது.

இந்தச் சாலையில் இருக்கும் டிங்கர்களுக்கு இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. நம்பர் இருக்கும் துண்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுப்பார்கள். புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, அதே இடத்தில் அதே நம்பரை மறுபடி பஞ்சு என்னும் எண் அச்சு ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். வெட்டிய துண்டைத் துணியில் முடிந்து உரிமையாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். இதுதான் இந்தக் காரின் பிறப்புச் சான்று, பத்திரமாக வையுங்கள் என்று ஒரு வார்த்தை. கார் திருட்டுக் கார் இல்லை, நம்பர் மாற்றப்படவில்லை என்பதற்கு அந்தத் துண்டு சாட்சி. சட்டப்படி முதலில் அனுமதி வாங்க வேண்டும். வாங்கியவர் எவரும் இந்தச் சாலையில் இல்லை. கார் கொடுத்த கனவான்களும் வாங்கச் சொன்னதில்லை.

சாலமோன் செய்த தவறு இனிமேல்தான் வருகிறது. பழைய நம்பரில் இருந்த மூன்றுக்கு மேல்பக்கம் தட்டை. அவரிடம் இருந்த பஞ்சில் மூன்றின் மேல்பக்கம் வளைவு. வேறு யாராக இருந்தாலும் வளைந்த மூன்றை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சாலமோனுக்குக் கை வரவில்லை. ஒரு பழைய எஞ்சின் வால்வின் தண்டை எடுத்து, அரம் கொண்டு ஒரு வாரம் ராவி, மேல் தட்டையான மூன்று ஒன்றைச் செய்தார். இரண்டு முறை அடித்தார். அசலும் நகலும் பக்கத்தில் வைத்தால் அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார் என்கிறார் சந்திரம்மா.

காரை விடுதிக்குக் கொண்டுபோன அன்று பூசணிக்காய் உடைத்தார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லும்போது செய்தவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சாலமோன் போர்ட்டிகோவுக்கு வெளியே வெயிலில் நின்றார். எல்லாம் முடிந்ததும் துணி முடிச்சைப் பார்த்தசாரதியிடம் கொடுத்தார். பார்த்தசாரதி அதைக் கையில் வாங்காமல் மணியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்த மாதம் கடற்கரையில் நடந்த பழங்கால கார் கண்காட்சியில் அந்தக் கார் பரிசு வாங்கியது. இது என் சொந்த வடிவமைப்பு என்று பார்த்தசாரதி மைக்கில் பேசினார். அதைக்கூடச் சாலமோன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, வெயிலில் கூரை நெளியவில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

பதிவைப் புதுப்பிக்கப் போனபோதுதான் வினை வந்தது. வாகன ஆய்வாளர் பானெட்டைத் திறந்தார், நம்பரைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டினார். புதுத் தகடு. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பழைய தொழிற்சாலை எழுத்தைப் போலவே அடிக்கப்பட்ட புது எண்கள். ஏதோ திருட்டுக் காருக்குச் செத்த காரின் நம்பரை மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதினார். பார்த்தசாரதி ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. நல்ல காரை பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன், டிங்கர் எனக்குத் தெரியாமல் எதையோ மாற்றிவிட்டான் என்று வாக்குமூலம் கொடுத்தார். துண்டா, எந்தத் துண்டு என்று கேட்டார்.

போலீஸ் சாலமோனிடம் கேட்ட முதல் கேள்வி நம்பரைப் பற்றியது அல்ல. கருங்குழியில் ஊரா, காலனியா என்பது. காலனி என்றார். எழுதிக்கொண்டார்கள். சிறையில் இருபத்தாறு நாள். எந்தத் திருட்டுக் கார் என்று இன்றுவரை யாராலும் காட்ட முடியவில்லை. காட்ட முடியாததையும் அவருடைய சாமர்த்தியமாகவே எழுதியிருக்கிறார்கள். நேர்மையான ஆள் கையில் இருக்கும் பஞ்சை வைத்து அடிப்பான், இவன் ஒரு வாரம் உட்கார்ந்து எழுத்தை ராவியிருக்கிறான், இதுதான் குற்ற எண்ணம் என்பது வழக்கின் சாரம். நன்றாகச் செய்ததே குற்றத்துக்கு ஆதாரம். சந்திரம்மா சிறுசேரியில் கணினிக் கம்பெனி ஒன்றில் கழிப்பறை கழுவுகிறார். மனு போட்டுச் சிறையில் பார்க்கப் போனவர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னது ஒரே வாக்கியம்.

"ஒரு மூணை கோணலா அடிச்சிருந்தா இன்னிக்கு நீ வூட்ல இருந்திருப்ப."

சாலமோன் சிரித்தாராம். அதுதான் கடைசியாக அவர் சிரித்தது.

ஜாமீனில் வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்து டீக்கடையில் மணி அவரைப் பார்த்தார். நேராக வந்து பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். துணி முடிச்சு விடுதிக்குப் போன வாரமே பார்த்தசாரதி தன் எண் ஜோதிடரை வரவழைத்திருக்கிறார். அவர் ஐந்தையும் மூன்றையும் மூன்றையும் நான்கையும் இரண்டையும் கூட்டினார். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு சனியின் எண், இரும்பு சனியின் உலோகம், துரு வேறு பிடித்திருக்கிறது, இந்தத் துண்டு வாசற்படிக்குள் இருக்கக் கூடாது என்றார். அப்படியானால் காரில் அடித்திருக்கும் நம்பரும் எட்டுத்தானே என்று பார்த்தசாரதி கேட்டிருக்கிறார். புது இரும்புக்குத் தோஷம் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் கடலில் போட வேண்டும், ஆனால் உரிமையாளர் கை படக் கூடாது, வேறு யார் கையாலாவது.

"என் கையாலதான் போட்டேன் அண்ணாத்த" என்றார் மணி. "முட்டியளவு தண்ணில நின்னுகினு போட்டேன். அது உனக்கு சாட்சின்னு எனக்கு அப்போ தெரியாது."

அதைக் கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று சாலமோன் கேட்டார். மணி டீயைக் குடித்து முடித்தார். விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டில்தான் தானும் மனைவியும் பிள்ளைகளும் இருப்பதைச் சொன்னார். எனக்கும் வவுறு கீது என்றார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

ஒரு மனிதனின் விடுதலை உள்ளங்கை அளவு இரும்பாக மாமல்லபுரத்துக் கடலடியில் கிடக்கிறது. அதை அங்கே போட்டது புயல் இல்லை, விதி இல்லை. இரண்டாம் வகுப்புக் கூட்டல் கணக்கை வைத்துப் பிழைக்கும் ஒருவனும், பட்டம் வாங்கியும் அதை நம்பிய ஒருவரும். தோஷம் டிரைவர் கைக்குப் போனால் பரவாயில்லை என்பதுதான் அவர்களுடைய ஆன்மிகம். சாலமோன் போகும் சபையின் பாஸ்டரும் வீட்டுக்கு வந்து, இது கர்த்தர் வைக்கும் சோதனை, பொறுத்திரு என்று ஜெபித்துவிட்டுப் போனார். சோதனை வைத்தது கர்த்தர் இல்லை, பார்த்தசாரதி. பொறுத்திருக்கச் சொல்லும் உபதேசம் பார்த்தசாரதிகளுக்குத்தான் உதவுகிறது.

வழக்கை நடத்துவது இலவச சட்ட உதவியில் வந்த இளம் வழக்கறிஞர் காயத்ரி. துண்டு இல்லாவிட்டால் வழக்கத்தையாவது நிரூபிக்கலாம் என்று அவர் நினைத்தார். இதற்கு முன் யார் யார் காருக்கு இப்படி நம்பர் அடித்துத் துண்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சாலமோன் யோசிக்காமல் பத்தொன்பது கார்களைச் சொன்னார். நிறம், உரிமையாளர் பெயர், எந்த மட்கார்டில் எந்தப் பள்ளம் என்பது உட்பட. காயத்ரி பதினொரு பேரைக் கண்டுபிடித்தார். எட்டுப் பேர் போனிலேயே, அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். இரண்டு பேர், நல்ல மனுஷன்தான், ஆனால் எங்களை இழுக்காதீர்கள் என்றார்கள்.

பதினொன்றாவது ஆள் ஹரிஹரன். அணு ஆராய்ச்சியில் இருப்பவர், குவார்ட்டர்ஸ் வீடு, அலமாரி நிறையப் புத்தகம். காயத்ரியை உட்காரவைத்து காபி கொடுத்தார். உள்ளே போய் அந்தத் துணி முடிச்சைக் கொண்டுவந்து மேசையில் அவிழ்த்தார். தன்னுடைய பழைய பியட்டின் நம்பர்த் துண்டு, எண்ணெய் பூசி வைத்தது. சாலமோன் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்று கால் மணி நேரம் பேசினார். இதை எடுத்துக்கொண்டு நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்றார் காயத்ரி.

"வந்தால் என் காரையும் கொண்டுபோய் ஸ்டேஷன் வெயிலில் நிறுத்திடுவாங்களே, மேடம்?"

அவர் துண்டை மறுபடியும் துணியில் முடிந்தார். அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்கக் கூடாது என்று கற்றுக்கொண்டவர் அவர். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை போலிருக்கிறது.

முதல் மழைக்காலத்துக்கு முன்பு சாலமோன் காவல் நிலையத்தில் ஒன்று கேட்டார். காரைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து போர்த்திவிடட்டுமா, கூரை இணைப்பில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவட்டுமா என்று கேட்டார். வழக்குச் சொத்தைக் குற்றவாளி தொடக் கூடாது என்றார்கள். மழை பெய்தது. டிசம்பரில் அந்த நாலு அங்குலத் தகட்டின் இரு பக்கமும் செம்மண் நிறத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. நாற்பது நாளில் மறைத்த இணைப்பை உப்புக்காற்று திறந்து காட்டிவிட்டது. அன்றிலிருந்துதான் அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை.

கொட்டகை மூடிக் கிடக்கிறது. நம்பர் கேஸ் ஆளிடம் யார் காரை விடுவார்கள்? சந்திரம்மா விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போனால் இருட்டும்போதுதான் வருவார். அதுவரை சாலமோன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கின் டேங்க் நசுங்கிவிட்டது என்று கொண்டுவந்தார். சாலமோன் அதை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பட்டி பூசிவிடச் சொல்லுங்கள், போதும் என்றார். அதைக் கேட்டபோதுதான் தனக்குப் பயம் வந்தது என்கிறார் சந்திரம்மா. சிறைக்குப் போனபோதுகூட வராத பயம்.

போன வாய்தா முடிந்து கோர்ட் வாசலில் சாலமோன் காயத்ரியிடம் கேட்டார்.

"ஒத்துக்கினா எவ்ளோ நாளும்மா போடுவாங்க?"

செய்யாத மோசடியை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காயத்ரி கோபப்பட்டார். சாலமோன் கோபப்படவில்லை. சாந்தமாகப் பதில் சொன்னார். "அடிச்சது நான்தானேம்மா. அந்த மூணு என் கை மூணுதானே."

பிறகு, திங்கட்கிழமை திங்கட்கிழமை அந்த வழியாக நடப்பதைவிட உள்ளே இருப்பது மேல் என்றார். அடுத்த வாய்தா வரும் மாதம் பத்தொன்பதாம் தேதி. அன்று குற்றத்தை ஒத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறார். காயத்ரி பேசிப் பார்த்தார், சந்திரம்மா சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். முடிவு மாறவில்லை. ஒத்துக்கொண்டால் அவர் ஒருவர் பெயர் மட்டும் போகாது. நன்றாக வேலை செய்வதே குற்றம் என்பது ஒரு தீர்ப்பாகப் பதிந்துவிடும்.

காயத்ரி கண்டுபிடித்தவர்கள் பதினொரு பேர்தான். இன்னும் எட்டுக் கார்கள் எங்கேயோ ஓடுகின்றன. இந்தச் சாலையில் மற்ற டிங்கர்கள் இதே வழக்கப்படி அடித்துக் கொடுத்த கார்கள் எத்தனையோ. அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம், உங்கள் அப்பாவுடையதாக இருக்கலாம். நாளைக் காலை பானெட்டைத் திறந்து, நம்பரைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துப் பாருங்கள். பிறகு பீரோவில் தேடுங்கள். பழைய துணியில் முடிந்த, எண்ணெய் வாசனை வீசும் உள்ளங்கை அளவு இரும்பு கிடைக்கலாம். கிடைத்தால் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் கார் கொஞ்ச நாள் வெயிலில் நிற்க வேண்டி வரலாம், மறைக்கவில்லை. அது கார், தாங்கும். பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அந்த முடிச்சோடு வாருங்கள். சாலமோன் வாய் திறப்பதற்கு முன் அதை நீதிபதியின் மேசையில் அவிழ்த்து வையுங்கள்.